நரம்பு, நாடி, தமனி - ஒரு குழாய்க்கு எத்தனை பேரு?

"நரம்பு ஊசி போட்டாங்க" என்று ஊரில் யாராவது சொன்னால் நமக்கு உடனே புரிந்துவிடுகிறது. ஆனால் அந்த ஊசியை யாரும் நரம்பில் போடுவதில்லை. நரம்பில் போட்டால் போட்ட நர்ஸுக்கு நல்ல பாட்டு கிடைக்கும் :-) அது ரத்தக் குழாயில் போடும் ஊசி. மூளைக்கும் உடம்புக்கும் நடுவே சேதி கொண்டுபோகும் நரம்பையும், ரத்தம் ஓடும் குழாயையும் ஒரே பெயரில் கூப்பிட்டு நாம் காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

பள்ளிக்கூடத்துக்குப் போனால் வேறு கதை. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியத்தில் நான் படித்தது தமனி, சிரை, தந்துகி. அடுத்த கட்டிடத்தில் மலையாள மீடியப் பையன்களுக்கு தமனி, சிர, லோமிக. இங்கே டொராண்டோவில் என் பக்கத்து மேஜையில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பரிடம் இதைச் சொன்னால், "அண்ணை, நாங்கள் நாடி, நாளம், மயிர்த்துளைக் குழாய் எண்டுதான் படிச்சனாங்கள்" என்கிறார். அன்றிலிருந்து இந்த விஷயம் தலைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நாள் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முன்னாடியே சொல்லிவிடுகிறேன். நான் பி.காம்., வேலை வங்கியில். மருத்துவ ஆலோசனைக்கு உங்கள் டாக்டரைப் பாருங்கள். வரவு செலவுக் கணக்கு மாதிரி ஏதாவது வந்தால் மட்டும் என்னை நம்பலாம். (வரும்!)

இரண்டு கால்கள்

இது வெறும் சொல் ஆராய்ச்சி இல்லை என்பதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி உண்டு. அப்பா வழி கொழிஞ்சாம்பாறை, பழைய கொச்சி ராஜ்ஜியத்தின் சித்தூர் தாலுகா. அம்மா வழி மூணாறு, பழைய திருவிதாங்கூர். 1877-ல் பூஞ்ஞாறு ராஜாவிடம் மன்றோ என்ற வெள்ளைக்காரர் குத்தகைக்கு வாங்கிய கண்ணன் தேவன் மலை. பிற்பாடு கங்காணிகள் தமிழ் நாட்டு ஜில்லாக்களிலிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுபோன தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில்தான் அம்மாச்சி கொழுந்து எடுத்தார். 1949-ல் இரண்டு ராஜ்ஜியமும் ஒன்றானது. 1956 நவம்பர் 1-ல் கேரளா பிறந்தது. தேவிகுளம், பீர்மேடு தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற போராட்டம் பலிக்கவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ் பேசிக்கொண்டு நாங்கள் இருக்கிறோம். இதைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இப்போது வேண்டாம்.

அம்மாச்சிக்குச் சரிவில் நாள் முழுக்க நின்று நின்று கெண்டைக்காலில் மண்புழு மாதிரி நீலமாக முறுக்கிக்கொண்டிருக்கும். "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்பார். பழைய சேலைக் கிழிசலைப் பாதத்திலிருந்து மேல் நோக்கி இறுக்கமாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போவார். ராத்திரி கம்பளியைச் சுருட்டி அதன் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொள்வார். வலி குறையும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

பெரியப்பாவுக்கு வேறு மாதிரி. அவர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம்தான். பீடி விடாமல் குடிப்பார். ஒரு கட்டத்தில் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது பாதி வழியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். ரெண்டு நிமிஷம் நின்றால் சரியாகும். மறுபடி நடந்தால் மறுபடி இழுக்கும். எல்லாரும் சொன்னது "நரம்புதான்". எண்ணெய் தேய்த்தார்கள். பக்கத்து ஊர் டாக்டர் ஒருவர் மலையாளத்தில் "ஞரம்பில் பிளாக்" என்றார். மலையாளத்திலும் அதே கூத்துதான், ஞரம்பு என்றால் இரண்டும்! எங்கள் அம்மாவுக்கு நரம்பு வைத்தியம் ஏற்கனவே தெரியுமே. "எங்கம்மா மாதிரி இறுக்கித் துணி சுத்துங்க மாமா, காலைத் தூக்கி வைங்க" என்று அக்கறையாகச் சொன்னார். பெரியப்பாவும் செய்தார்.

அம்மாச்சியின் காலில் கெட்டுப்போனது சிரை. ரத்தம் மேலே ஏற முடியாமல் தேங்குகிறது. சுற்றினால், தூக்கி வைத்தால் நல்லது. பெரியப்பாவின் காலில் அடைபட்டது தமனி. ரத்தம் கீழே வந்து சேரவே இல்லை. அதைச் சுற்றி இறுக்கினால், தூக்கி வைத்தால், வருகிற கொஞ்சமும் குறையும். ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு விஷம். பேர் மட்டும் ஒன்று. ஆறு மாதம் கழித்து கோயம்புத்தூரில் காட்டியபோது இரண்டு விரல் கறுத்துவிட்டிருந்தது. எடுக்க வேண்டியதாயிற்று. குழாயைத் திறந்து காலைக் காப்பாற்றிவிட்டார்கள். பீடி அன்றோடு போச்சு.

சரி, சொந்தக் கதை போதும். இந்தக் குழாய்களை மனுஷன் எப்படிக் கண்டுபிடித்தான் என்று பார்ப்போம்.

காற்றுக் குழாய்

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் எரசிஸ்டிராட்டஸ் என்று ஒரு மருத்துவர். பிணத்தை அறுத்துப் பார்த்தால் சிரைகளில் ரத்தம் இருக்கும், தமனிகள் பெரும்பாலும் காலியாக இருக்கும். ஆகவே தமனியில் ஓடுவது ஒருவகைக் காற்று என்று முடிவு கட்டினார். ஆங்கிலத்தில் தமனிக்கு ஆர்ட்டரி என்கிறார்களே, அந்தக் கிரேக்கச் சொல்லே முதலில் மூச்சுக்குழாயைக் குறித்ததுதான்.

நம் பக்கம் வாருங்கள். தமனி என்ற வடசொல்லின் வேர் ஊதுதல். துருத்தி ஊதுகிற அதே வேர். சிரை என்பது ஓடுவது, நகர்வது. சுச்ருத சம்ஹிதை சிரைகள் 700, தமனிகள் 24, எல்லாம் தொப்புளிலிருந்து கிளம்புகின்றன என்கிறது. கருவில் இருக்கும் குழந்தைக்குத் தொப்புள்கொடிதானே எல்லாம்? அங்கிருந்து யோசித்தால் தொப்புளை நடுவாக வைத்தது அப்படி ஒன்றும் விசித்திரமில்லை. நமது சித்த மருத்துவம் 72,000 நாடி என்று எண்ணிக்கை சொல்லி, மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், ஐயம் பார்த்தது. விரலுக்கு அடியில் துடிப்பது தமனி என்பதால் நாடி பார்ப்பது என்றாலே நமக்குத் தமனிதான். யாழ்ப்பாணத்தார் தமனியை நாடி என்பது இதனால் எனக்கு ரொம்பப் பொருத்தமாகப் படுகிறது.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் காலன் (எமன் இல்லை, ரோமாபுரி மருத்துவர்) உயிருள்ள மிருகத்தின் தமனியைக் கட்டி அறுத்துக் காட்டி, உள்ளே இருப்பது ரத்தம்தான் என்று நிரூபித்தார். ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். தின்ற சோற்றிலிருந்து ஈரல் ரத்தம் தயாரிக்கிறது, உடம்பு அதை உறிஞ்சித் தீர்த்துவிடுகிறது, மறுபடி புதுசு தயாராகிறது என்று. இதயத்தின் வலது அறைக்கும் இடது அறைக்கும் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் உண்டு என்றும் சொன்னார். இதை ஐரோப்பா ஆயிரத்து நானூறு வருஷம் நம்பியது.

நடுச்சுவரில் ஓட்டையே இல்லை, ரத்தம் நுரையீரல் வழியாகத்தான் போய் வருகிறது என்று 13-ம் நூற்றாண்டிலேயே எழுதியவர் இப்னு அல் நஃபீஸ். டமாஸ்கஸில் படித்துக் கெய்ரோவில் வாழ்ந்தவர். அவர் எழுதியது 1924-ல் பெர்லின் நூலகத்தில் ஓர் எகிப்திய மருத்துவர் கண்ணில் படும் வரை உலகத்துக்குப் பெரிதாகத் தெரியாது.

ஹார்வி போட்ட கணக்கு

இப்போது என் ஏரியா. வில்லியம் ஹார்வி, இங்கிலாந்துக்காரர். இத்தாலியில் பாதுவா பல்கலைக்கழகத்தில் படித்து 1602-ல் பட்டம் வாங்கினார். அவருடைய ஆசிரியர் ஃபாப்ரிசியஸ் சிரைகளுக்குள் குட்டிக் குட்டிக் கதவுகள் இருப்பதை வரைந்து 1603-ல் புத்தகம் போட்டார். ஆனால் கதவு எதற்கு என்பதில் கோட்டை விட்டார். ரத்தம் மொத்தமாகக் கீழே இறங்கிவிடாமல் வேகத்தைக் குறைக்கத்தான் என்று நினைத்தார்.

ஹார்வி செய்தது ஒரு தணிக்கையாளர் செய்கிற வேலை. இதயம் ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று, வேண்டுமென்றே குறைத்து ஒரு தொகை வைத்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் எத்தனை துடிப்பு என்று பெருக்கினார். அவ்வளவு குறைத்துப் போட்டும், அரை மணியில் தள்ளும் ரத்தம் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தத்தைவிட அதிகமாக வந்தது! இன்றைய அளவில் சொன்னால் துடிப்புக்கு 70 மில்லி, நிமிஷத்துக்கு 72 துடிப்பு, ஆக நிமிஷத்துக்கு 5 லிட்டர், மணிக்கு 300 லிட்டர். தின்கிற சோற்றிலிருந்து மணிக்கு 300 லிட்டர் ரத்தம் தயாரிக்க எந்த ஈரலாலும் ஆகாது. அப்படியென்றால் ஒரே ரத்தம்தான் சுற்றிச் சுற்றி வர வேண்டும். கிளையில் ஐந்தாயிரம் ரூபாய்தான் ரொக்கம் இருக்கிறது, ஆனால் ஒரு நாளில் மூன்று லட்சம் பட்டுவாடா ஆகியிருக்கிறது என்றால் அதே நோட்டு திரும்பத் திரும்ப கவுண்டருக்கு வருகிறது என்றுதானே அர்த்தம்? அதேதான்.

கையில் துணியைக் கட்டிச் சிரையைப் புடைக்க வைத்து, விரலால் தள்ளிப் பார்த்து, கதவுகள் இதயத்தை நோக்கி மட்டுமே திறக்கின்றன என்றும் காட்டினார். 1628-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் புத்தகம் வெளியானது.

கணக்கில் ஒரே ஒரு பதிவு மட்டும் விட்டுப்போயிருந்தது. தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எந்த வழியாகப் போகிறது? ஹார்வி அதைப் பார்க்காமலே 1657-ல் இறந்தார். நாலு வருஷம் கழித்து, 1661-ல் மார்செல்லோ மால்பிகி நுண்ணோக்கியில் தவளையின் நுரையீரலைப் பார்த்து மெல்லிய குழாய் வலையைக் கண்டார். மால்பிகி பிறந்தது 1628, ஹார்வி புத்தகம் வந்த அதே வருஷம்.

அந்தக் குழாய்க்குத்தான் முடி என்ற லத்தீன் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். மலையாளத்து லோமிகவில் இருப்பது லோமம், முடி. யாழ்ப்பாணத்து மயிர்த்துளைக் குழாயில் இருப்பதும் அதே. நம் தந்துகியில் மட்டும் தந்து, நூல். உண்மையில் முடி என்பதே மிகை. நம் தலைமுடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தந்துகியின் தடிமன். ரத்தச் சிவப்பணுக்கள் அதில் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகத்தான் போக முடியும்.

மூன்று உறை

தமனியைக் குறுக்கே வெட்டினால் மூன்று அடுக்கு தெரியும். வெளியுறை பிடிமானத்துக்கு. நடுவுறை தசையும் மீள்சக்தியும் கொண்டது, தமனியில் தடிமனாக இருக்கும். உள்ளுறையின் ரத்தம் தொடும் பக்கம் ஒரே வரிசைச் செல்களால் ஆன மெல்லிய தாள். சிரைக்கும் மூன்றுதான், ஆனால் நடுவுறை மெலிசு, அதனால் அது தொய்ந்து விரியும். தந்துகிக்கு அந்த உள் தாள் மட்டும்தான். அவ்வளவு மெலிசாக இருப்பதால்தான் பிராணவாயுவும் சத்தும் அங்கே கைமாற முடிகிறது. உடம்பின் ரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எந்த நேரமும் சிரைகளில்தான் இருக்கும். தமனி நடப்புக் கணக்கு என்றால் சிரை சேமிப்புக் கணக்கு. அவசரத்துக்கு அங்கிருந்துதான் எடுக்க வேண்டும்.

அந்த உள்தாள் வெறும் தாள்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 1980-ல் ஃபர்ச்காட் என்ற அமெரிக்கர், தமனி விரிய வேண்டுமானால் அந்தத் தாள் பழுதில்லாமல் இருந்தாக வேண்டும் என்று காட்டினார். அது வெளியிடும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்று தெரிந்தது. 1998-ல் மூன்று பேருக்கு நோபல் பரிசு. புகை அந்தத் தாளைத்தான் முதலில் கெடுக்கிறது. பெரியப்பாவின் பீடி வேலை செய்த இடம் இதுதான்.

இணையத்தில் "உடம்பின் ரத்தக் குழாய்களின் நீளம் ஒரு லட்சம் கிலோமீட்டர்" என்று சுற்றுகிறதே, அதன் மூலம் டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக் 1922-ல் எழுதிய புத்தகம். தந்துகி ஆராய்ச்சிக்கு 1920-ல் நோபல் வாங்கியவர். தசை மிக மிக அதிகமுள்ள ஓர் ஆளை வைத்து அவர் போட்ட உத்தேசக் கணக்கு அது. அண்மைக் கணக்குகள் 20,000 கிலோமீட்டருக்கு உள்ளேதான் வருகின்றன. அதுவும் ஒன்றும் குறைவில்லை.

அம்மாச்சி காலுக்கு வருவோம். அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரசம். நடக்க ஆரம்பித்தால் 25-க்கும் கீழே வந்துவிடும். கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே ஏற்றுகிறது. ஃபாப்ரிசியஸ் வரைந்த கதவுகள் அதைத் திரும்ப விடாமல் பிடிக்கின்றன. வருஷக் கணக்கில் நின்றே வேலை செய்தால் சிரை விரிந்து, கதவு பொருந்தாமல் போய், ரத்தம் கீழேயே தேங்குகிறது. கொழுந்து எடுப்பவர், பஸ் கண்டக்டர், டீக்கடை மாஸ்டர், ஜவுளிக்கடைப் பெண்கள், எல்லாருக்கும் இதே ஆபத்து. பாதத்திலிருந்து மேலே சுற்றிய சேலைக் கிழிசலைத்தான் இன்று அழுத்தக் காலுறை என்று மருந்துக் கடையில் விற்கிறார்கள்.

பெரியப்பா வழிக்கும் ஒரு முன்னோடி உண்டு. 1929-ல் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் ஜெர்மன் டாக்டர் தன் கைச் சிரை வழியாகத் தானே ஒரு குழாயை இதயம் வரை செருகிக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டார். பாராட்டு கிடைக்கவில்லை, திட்டுதான். 1956-ல் நோபல் கிடைத்தது (நம் மாநிலம் பிறந்த அதே வருஷம்). 1977-ல் சூரிக்கில் குருன்ட்சிக், குழாய் முனையில் பலூன் வைத்து இதயத் தமனி அடைப்பைத் திறந்தார். காலின் தமனியில் அதை அதற்கு முன்பே செய்து பார்த்திருந்தார். 1980-களில் அது சென்னைக்கு வந்தது. கொண்டுவந்தவர் மேத்யூ சாமுவேல் களரிக்கல், நம் கேரளாக்காரர். 2025-ல் காலமானார்.

மானிப்பாயில் ஒரு அமெரிக்கர்

இப்போது சொல்லுக்கு வருகிறேன். இதையெல்லாம் தமிழில் சொல்ல முடியுமா என்ற கேள்விக்குப் பதில் 19-ம் நூற்றாண்டிலேயே கிடைத்துவிட்டது. எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், நம்மில் பலருக்கு அது தெரியாது என்பதுதான்.

சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், 1822-ல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் பிறந்தவர். 1847-ல் மிஷன் டாக்டராக யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை வைத்து, உள்ளூர்ப் பையன்களைச் சேர்த்து மருத்துவம் கற்றுக்கொடுத்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். இடையில் ஊருக்குப் போய்விட்டு 1862-ல் திரும்பியவர், தமிழிலேயே கற்பிப்பது என்று முடிவெடுத்தார். ஆங்கிலத்தில் படித்தவர் கிராமத்தில் தங்க மாட்டார், தமிழில் படித்தவர்தான் தன் ஊரில் தன் சனத்துக்கு வைத்தியம் பார்ப்பார் என்பது அவர் எண்ணம். 60-க்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் மருத்துவம் படித்து வெளியே வந்தார்கள்.

புத்தகம் வேண்டுமே? கிரீனும் அவருடைய மாணவர்களும் உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள். 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' (பேரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், உடற்கூறு, உடலியக்கம், சுகாதாரம் மூன்றும் சேர்ந்தது), 'இரண வைத்தியம்', 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்' என்று வரிசையாக வந்தன. லண்டனில் 1858-ல் முதலில் வந்த ஹென்றி கிரேயின் உடற்கூறு நூல், இன்றும் உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் சுமக்கும் தடிப் புத்தகம், 1872-லேயே 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் வந்துவிட்டது! எல்லாம் சேர்த்து நாலாயிரம் பக்கத்துக்கு மேல்.

சொல் தேடுவதற்கு அவர் வைத்திருந்த முறையும் எனக்குப் பிடித்தது. முதலில் தமிழில் தேடு, இல்லாவிட்டால் வடமொழியில் எடு, அதிலும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுது. கெமிஸ்தம் மூன்றாவது வகை. சண்டை போடாமல் வேலையைப் பார்த்திருக்கிறார் மனுஷன். 1873-ல் அமெரிக்கா திரும்பினார், 1884-ல் இறந்தார். அவருக்குப் பிறகு தமிழ்வழி மருத்துவப் படிப்பு நிலைக்கவில்லை. 1870-ல் கொழும்பில் ஆங்கில மருத்துவப் பள்ளி வந்திருந்தது. அரசாங்க உத்தியோகம் அந்தப் பக்கம்தான். மானிப்பாய் மருத்துவமனை மட்டும் கிரீன் பெயரிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டுப் பக்கம் 1916-ல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொல்லாக்கத்துக்கென்றே ஒரு சங்கம் வைத்துப் பத்திரிகை நடத்தினார்கள். பிறகு எத்தனையோ குழு, எத்தனையோ பட்டியல். கடைசியில் சென்னை ஒரு வழி, யாழ்ப்பாணம் ஒரு வழி. இதில் ஒரு பொறி வேறு. நாளம் என்றால் தாமரைத்தண்டு மாதிரி உள்ளே துளையுள்ள தண்டு. நமக்கு ரத்த நாளம் என்றால் எந்த ரத்தக் குழாயும். அவர்களுக்கு நாளம் என்றால் சிரை மட்டும். நண்பரும் நானும் இதை வைத்துக் கால் மணி நேரம் ஒருவரை ஒருவர் புரியாமல் பேசியிருக்கிறோம்.

என்னைக் கேட்டால், தமனியா நாடியா என்ற சண்டையே இரண்டாம் பட்சம். எது வேண்டுமானாலும் இருக்கட்டும். பிரச்சினை என்னவென்றால் இரண்டுமே பள்ளிக்கூடச் சுவரைத் தாண்டி வரவில்லை. பரீட்சையில் படம் வரைந்து பாகம் குறித்து ஐந்து மார்க் வாங்கியவன்கூட வீட்டுக்கு வந்தால் நரம்பு என்கிறான். டாக்டரும் நமக்குப் புரிய வேண்டுமே என்று நரம்பு என்கிறார். எல்லை ஊரில் இது இரட்டிப்பு. டாக்டர் மலையாளத்தில் சொல்வதை நாம் தமிழில் கேட்டுக்கொள்கிறோம், கையெழுத்துப் போடும் தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. மொழி தெரியாதவர்கள் என்று யாரும் இல்லை, எல்லாருக்கும் மூன்றும் அரைகுறையாகத் தெரியும். சிக்கலே அதுதான்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு வாராவாரம் வீட்டுக்குப் போன் பண்ணுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அங்கே யாராவது "கால்ல நரம்பு இழுக்குது" என்றால் இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள்.

1. வலி எப்போது வருகிறது? நின்றுகொண்டே இருந்தால் வந்து, காலைத் தூக்கி வைத்தால் குறைந்தால், பெரும்பாலும் சிரை.
2. நடந்தால் வந்து, நின்றால் ரெண்டு மூணு நிமிஷத்தில் போய், மறுபடி நடந்தால் அதே தூரத்தில் வந்தால் தமனியாக இருக்கலாம். ராத்திரி வலிக்குக் காலைக் கட்டிலிலிருந்து தொங்கப் போட்டால் சுகமாக இருந்தால் இன்னும் சந்தேகப்பட வேண்டும்.
3. பாதம் ஜில்லென்று இருக்கிறதா, விரல் நிறம் மாறுகிறதா, புண் ஆறாமல் இருக்கிறதா? இருந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். துணி சுற்ற வேண்டாம்.
4. பீடி, சிகரெட், சர்க்கரை உண்டா?

டாக்டரிடம் போனால், "கால்ல நாடி பார்த்தீங்களா, கணுக்கால்ல பிரஷர் பார்த்தீங்களா?" என்று கேட்கச் சொல்லுங்கள். கையில் பிரஷர் பார்க்கும் அதே பட்டையைக் கணுக்காலில் கட்டி இரண்டு அளவையும் ஒப்பிட்டாலே அடைப்பு இருக்கிறதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பெரிய செலவில்லை, ஐந்து பத்து நிமிஷ வேலை. "நரம்பா?" என்று கேட்காமல் "ரத்தம் போற குழாயா, வர்ற குழாயா?" என்று கேட்டால் போதும். தமனி, நாடி, தமனி-சிர எதுவும் தெரியாத எங்கள் பெரியம்மாவுக்கே அது புரிகிறது.